சும்மா நிக்கிற நம்ம வண்டி

"சும்மாதானே நிக்குது?"

பிரிஜெட் பெரியம்மாவின் வண்டியைப் பற்றி இப்படிச் சொல்லாத உறவினர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஒவ்வொருவர் சொல்வதும் ஒவ்வொரு தினுசு. கிளிஃபர்ட் மாமா தொண்டையைச் செருமிவிட்டு, மேடையில் பேசுவதுபோல் இழுப்பார்: "ஹெ-ஹெம். சும்மா... தானே நிக்குது." அவர் மனைவி மௌரீன் ஆன்ட்டிக்கு எல்லாமே மூக்கு வழியாகத்தான் வரும்: "ஷும்மாதானே நிக்க்குது, பாவம்." பாவம் வண்டியா பெரியம்மாவா என்று சொல்ல மாட்டார். அவர்கள் மகன் டென்சில் இங்கிலீஷில் ஏறித் தமிழில் இறங்குவான்: "யா, பட், சும்மாதானே நிக்குது, ரைட்?"

மூன்று குரலும் எனக்கு அச்சு அசலாக வரும். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெரியம்மா மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

அவர் என் அம்மாவுக்கு அக்கா, கிளிஃபர்ட் மாமாவுக்குத் தங்கை. டெலிபோன் தொழிற்சாலையில், ரிலே என்கிற சின்ன மின்சுவிட்ச் செய்கிற பிரிவில் இருபத்தைந்து வருட வேலை. நகக்கண் அளவு காண்டாக்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சரிசெய்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொம்மலூரில் வாடகை வீடு, அதை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். ஷெட்டுக்குள் கரும்பச்சை நிறத்தில், இடுப்பு உயரம்தான் இருக்கும், இரண்டே பேர் உட்காரக்கூடிய 1965ஆம் வருட எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் 1984இல் வாங்கியது. முன்னால் இருக்கிற இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு, எம்.ஜி. ரோட்டில் மட்டும் ஓட்டுகிற வண்டி என்று தெருப்பிள்ளைகள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கயிறு கட்டி இழுத்துத்தான் அது வீட்டுக்கு வந்தது. ஓட வைக்க அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் உறவினர்கள் கேட்டது, "எதுக்கு ப்ரிட்ஜி உனக்கு இந்தத் தகரம்?" ஓட ஆரம்பித்ததும் அதே வாய்கள் கேட்டது, "சும்மாதானே நிக்குது, ஒரு நாளைக்குக் குடேன்."

சும்மாவா நின்றது?

அந்த வண்டியில் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் இன்ஜின் ஒழுங்காக ஓடும். பெரியம்மா ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை மாற்றி மாற்றிக் கார்புரேட்டர் வாயில் பிடிப்பார். ஒன்று 'ஸ்ஸ்ஸ்' என்னும், மற்றொன்று 'ஷ்ஷ்ஷ்' என்னும். இரண்டும் ஒரே எழுத்தைச் சொல்லும்வரை திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். அரைமணி நேரம் ஆகும். அடுத்த வாரம் அவை மறுபடி வேறு வேறு எழுத்துக்குப் போயிருக்கும். கார்புரேட்டர் தலையில் இருக்கிற கறுப்பு மூடிகளைத் திறந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடவேண்டும். சக்கரங்களில் சைக்கிள் மாதிரி கம்பிகள் உண்டு. ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் கேட்பார். டிங், டிங், டிங், டொக். தளர்ந்த கம்பியின் அந்த 'டொக்'கைத் தேடித்தான் தட்டுவதே. கிரீஸ் கன்னோடு வண்டிக்கடியில் படுத்தால் பாதம் இரண்டு மட்டும்தான் வெளியே தெரியும். மழைக்காலத்தில் கேன்வாஸ் கூரையைத் துடைத்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இவ்வளவும் தொழிற்சாலை விட்டு வந்து, முகம் கழுவி, காபி குடித்த பிறகு. யாரும் பார்க்காத நேரத்தில் செய்கிற வேலை என்பதால் அது வேலையே இல்லை என்று எங்கள் குடும்பம் முடிவுகட்டிவிட்டது.

அவரைப் பற்றியும் அதே முடிவுதான். ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணை இருக்கவேண்டுமா? "ப்ரிட்ஜி சும்மாதானே இருக்கா." ஞானஸ்நான விருந்துக்கு நூறு கட்லெட் உருட்டவேண்டுமா? "ப்ரிட்ஜி சும்மாதானே இருக்கா."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைப் பிடிக்க முடியாது. முதல் பூசை முடிந்ததும் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, கூரையைக் கழற்றி மடித்துவிட்டு, பழைய மெட்ராஸ் ரோட்டில் கிளம்பிவிடுவார். கிருஷ்ணராஜபுரம் தாண்டினால் ரோடு காலி. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றும்போது அந்த இன்ஜின், தொண்டையில் கரகரப்பு இருக்கிற ஒரு பாடகர் மேல் ஸ்தாயியைத் தொட்டுவிட்டு இறங்குவதுபோல ஒரு சத்தம் போடும். அதைக் கேட்கிறபோது பெரியம்மாவின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சிரிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. வெறுமனே காற்றைக் குடிப்பார். ஹோஸ்கோட்டையில் தட்டு இட்லி, ஏரிக்கரையில் பத்து நிமிடம், பிறகு திரும்பி வீடு. மற்ற ஆறு நாட்களும் இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.

போகிற வழியில் ஒரு சந்திப்பில் தொப்பியை ஒருபக்கம் மடித்துவிட்ட டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் நிற்பார். வாராவாரம் கையைக் காட்டி நிறுத்துவார். வண்டியைப் பார்க்கிற ஆசைதான். யார் வண்டி என்று கன்னடத்தில் வாராவாரம் ஒரே கேள்வி.

"யார்து காடி, மேடம்?"

பெரியம்மா வாராவாரம் ஒரே பதில் சொல்வார். "நம்து சார்."

கன்னடத்தில் 'நம்து' என்றால் நம்முடையது. தமிழிலும் அவர் அப்படித்தான் பேசுவார். நம்ம வண்டி, நம்ம ஷெட், நம்ம ஸ்பேனர். 'என்' என்று சொன்னால் அலட்டல் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு என்ன விலை என்பது 1999இல்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் பேட்டரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நாம் பார்க்கிற கார்களில் பேட்டரியின் மைனஸ்தான் வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும். இந்த வண்டியில் தலைகீழ். பிளஸ்தான் பாடிக்குப் போகும். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளின் வழக்கம் அது. 1994இல் பிரேக் வேலைக்காகப் பெரியம்மா வண்டியை அல்சூரில் சந்தானம் என்கிற மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். மாலையில் போனால், சந்தானம் ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"மேடம், பெரிய தப்பு பண்ணி வச்சிருக்கீங்க. பிளஸ்ஸப் போயி பாடில குடுத்திருக்கீங்களே!"

"அது அப்படித்தான் இருக்கணும். கைய எடுங்க."

"முப்பது வருஷ சர்வீஸு மேடம் நான். சார் இருந்தா வரச் சொல்லுங்க, பேசிக்கறேன்."

"சார் கிடையாது."

"இல்ல, வண்டி ஓனரு..."

"அது நான்தான்."

சந்தானம் ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாராம். பெரியம்மா வயரிங் படத்தை விரித்துக் காட்டி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். சந்தானம் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். ஆனால் பெரியம்மாவுக்குப் பயம் தட்டிவிட்டது. அடுத்த நாளே பானெட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயின்டில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதிவைத்தார்: 'பிளஸ் பாடிக்கு. மாற்றாதே.'

1999 ஜனவரியில் டென்சிலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பொண்ணு குக் டவுனைச் சேர்ந்த டீனா. ஒரு சனிக்கிழமை மாமாவும் டென்சிலும் தொம்மலூருக்கு வந்தார்கள். பெரியம்மா கிரீஸ் கன்னோடு வண்டிக்கடியில் இருந்தார். பாதங்கள் இரண்டும் வெளியே. அந்தப் பாதங்களைப் பார்த்து மாமா சொன்னார், நான் பொய் சொல்லவில்லை:

"ஹெ-ஹெம். ப்ரிட்ஜி, வண்டி சும்மாதானே நிக்குது. கல்யாணத்தன்னிக்குக் கோயில்லேர்ந்து ஹாலுக்கு டென்சில் ஓட்டிட்டுப் போகட்டுமே."

கையெல்லாம் கிரீஸோடு ஒரு மனுஷி வண்டிக்கு அடியில் கிடக்கிறார். வண்டி சும்மா நிற்கிறதாம்.

கிரீஸ் கன்னைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் ஓட்டிட்டு வரேனே அண்ணா."

"டூ சீட்டர் அத்தே," என்றான் டென்சில். "நீங்க ஓட்டினா டீனா என் மடியிலயா உக்காருவா?"

நியாயம்தான். அண்ணன் மகன், ஒரே ஒரு நாள். பெரியம்மா ஒத்துக்கொண்டார். நான்கு மாலைகள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். "சாவியத் திருப்பினா பின்னாடி பம்ப்பு டிக் டிக்குன்னும். அது நின்ன அப்புறம்தான் ஸ்டார்ட். வண்டி முழுசா நின்னாத்தான் ஃபர்ஸ்ட் கியர். லைட்ட வீணா எரிய விடாத, பேட்டரி சின்னது. ஏதாவது ஆச்சுன்னா பானெட்டத் தொடாத, எனக்கு ஆள் அனுப்பு."

"யா யா அத்தே. டன்."

அந்த 'யா யா'வை இப்போது செய்து காட்டச் சொன்னாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

கல்யாணம் காலை பத்து மணிக்கு, மதியம் ஹாலில் விருந்து. பூசை முடிந்ததும் பெரியம்மாவைக் கேக்கோடு வேனில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார்கள். யார் மடியிலாவது வைத்துத்தானே கேக்கைக் கொண்டுபோக வேண்டும். அவர் சும்மாதானே இருக்கிறார். கோயில் வாசலில் வீடியோக்காரர், "லைட் போடுங்க சார், ஹாரன் அடிங்க சார், ரிச்சா இருக்கும்" என்று முக்கால் மணி நேரம் படம் எடுத்தார். பட்டப்பகலில் ஹெட்லைட். பிறகு சாவியைத் திருப்பினால் பம்ப்பு அரை 'டிக்'கோடு நின்றுவிட்டது.

பெரியம்மா சொன்னது எவனுக்கு ஞாபகம் இருக்கிறது? டென்சிலின் சிநேகிதன் ஒருவன் பக்கத்துக் கடையிலிருந்து வேறு பேட்டரி கொண்டுவந்தான். பானெட்டைத் திறந்தான். மூன்று மொழியிலும் எழுதியிருந்ததைப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

"டேய், உங்க ஆன்ட்டி உல்ட்டாவா எழுதி வச்சிருக்காங்கடா!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். "அது அப்படித்தாண்ணா, பெரியம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு," என்றான் டென்சில்.

சும்மா இருந்தேன். மற்றவர்கள் குரலை நான் செய்து காட்டினால் சிரிக்கிற கூட்டம்தான் சுற்றி நின்றது, அன்றைக்கு மட்டும் என் குரல் வரவில்லை. பேட்டரியில் பிளஸ் முனை கொஞ்சம் தடி, மைனஸ் முனை ஒல்லி. மாற்றிப் போட்டால் பிடி சரியாக உட்காராது. அதிலிருந்தே புத்தி வந்திருக்க வேண்டும். ஒல்லியான பக்கம் தகரத் துண்டைச் செருகி, தடியான பக்கம் கல்லால் தட்டி உட்காரவைத்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹால் வாசலில் அது வந்து நின்றபோது பெரியம்மா ஒயின் கிளாஸ் தட்டோடு படியில் நின்றிருந்தார். மற்றவர்களுக்கு மாலை வாசனை வந்தது. அவருக்குக் கருகின பேக்கலைட் பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. இருபத்தைந்து வருடமாகத் தொழிற்சாலையில் அறிந்த நாற்றம். மூக்கு விடைத்தது. ஆனால் அதற்குள் பேண்டு ஆரம்பித்து, ஜோடி மேடை ஏறி, கேக்கும் வெட்டியாகிவிட்டது. கிளாஸ்கள் நிறைந்தன. வாழ்த்துச் சொல்லிக் கிளாஸைத் தூக்கவைக்கிற டோஸ்ட்டுக்கு கிளிஃபர்ட் மாமா மைக்கைப் பிடித்தார்.

"ஹெ-ஹெம். லேடீஸ் அண்ட் ஜென்டில்மென். இன்னிக்கு ஒரு சர்ப்ரைஸ். நம்ம ப்ரிட்ஜிக்குன்னு யாரு இருக்கா? நாமதான். வாசல்ல நிக்குதே நம்ம எம்.ஜி. வண்டி, அது ஷெட்டுல சும்மா நின்னு துருப்பிடிக்கறதுக்குப் பதிலா, இன்னிலேர்ந்து டென்சில்-டீனா ஜோடிக்கு, நம்ம ப்ரிட்ஜியோட கல்யாணப் பரிசு! ரெய்ஸ் யுவர் க்ளாஸஸ்!"

முந்நூறு கிளாஸ் உயர்ந்தது. டென்சில் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றினான். அப்பாவும் பிள்ளையும் பேசிவைத்தது என்று அந்தச் சுழற்சியிலேயே தெரிந்தது. பெரியம்மா வண்டியை அவரிடம் கேட்காமல், அவர் முன்னாலேயே, அவர் பெயரிலேயே தானம் செய்கிறார்கள். மறுத்தால் கல்யாண வீட்டில் அபசகுனம். அதனால் மறுக்க மாட்டார் என்று கணக்குப்போட்டுத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறார் மாமா.

பெரியம்மா தட்டைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்குப் போனார். அழப்போகிறார் என்று மௌரீன் ஆன்ட்டி கைக்குட்டையை நீட்டினார். பெரியம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"டென்சில், பேட்டரில பிளஸ் எங்க போகுது?"

மாமா கையில் மைக் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது.

"ஆங், அதுவா அத்தே?" அவனுக்குப் பெருமை. "நீங்க தப்பா மாட்டி வச்சிருந்தீங்க. பசங்க கரெக்ட் பண்ணிட்டாங்க."

பெரியம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு கையை நீட்டினார். "சாவி."

பேண்டில் கீபோர்டு வாசிக்கிறவர், சாவி கொடுக்கிற சடங்கு இது என்று நினைத்து 'டா-ன்டடா' என்று ஒன்று வாசித்தார். யாரோ கைதட்டவும் செய்தார்கள். டென்சில் அப்பாவைப் பார்த்தான். மாமா மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"ப்ரிட்ஜி, இது நேரமா? நீதானே எப்பப் பாரு நம்ம வண்டி, நம்ம வண்டின்னு சொல்லுவே?"

"மரியாதைக்குச் சொன்னேன் அண்ணா. நீங்க பத்திரத்துல எழுதிக் குடுத்த மாதிரி எடுத்துக்கிட்டீங்க."

"வெளிய கேட்டா என்ன நினைப்பாங்க?"

"வெளியதான் மைக்ல சொல்லிட்டீங்களே. சாவி, டென்சில்."

கொடுத்துவிட்டான். கொடுக்காமல் என்ன செய்வான்? அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் மேடையில் இருந்த கேக்கையும் சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள்.

வாசலில் பெரியம்மா பானெட்டின் மேலிருந்த ரிப்பனை அறுத்துத் திறந்தார். ரெகுலேட்டர் பெட்டியின் மூடி உருகிச் சுருண்டிருந்தது. உள்ளே கட்-அவுட் என்கிற சின்ன ரிலேயின் காண்டாக்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மாற்றிப் போட்ட பேட்டரியும் டைனமோவும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்ததில் வந்த வினை. கைப்பையைத் திறந்தார். ஜெபமாலைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்பேனர் கிடக்கும். பட்டுப்புடவையோடு குனிந்து டைனமோவின் வயர்கள் இரண்டையும் கழற்றி ஓரமாகக் கட்டினார். தகரத் துண்டைப் பிடுங்கி எறிந்தார். பேட்டரியைத் திருப்பி வைத்து, பிளஸ்ஸைப் பாடிக்குக் கொடுத்தார். டைனமோ இல்லாமல், பேட்டரியில் இருக்கிறதை வைத்தே வீடு போய்ச் சேரலாம்.

"கட்-அவுட் எரிஞ்சு போச்சு," என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஐயையோ, எந்த ஹீரோவோடது?" என்றார் மௌரீன் ஆன்ட்டி, தியேட்டர் வாசலில் நிற்கிற கட்-அவுட் என்று நினைத்துக்கொண்டு. அந்த நிமிடத்தில் சிரித்த ஒரே ஆள் மணப்பெண் டீனா. வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்திருந்தாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, பரிசு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது."

பெரியம்மா சீட்டில் கிடந்த மணப்பெண்ணின் பூங்கொத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தாம்மா, இது உன்னுது." உட்கார்ந்தார். டிக், டிக், டிக், டிக். பம்ப்பு நிற்கும்வரை காத்திருந்தார். பின்னால் ரிப்பன் பறக்க, ஹாரன் அடிக்காமல் போய்விட்டார்.

அந்த கட்-அவுட்டைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆயிற்று. ஒட்டிப்போனவற்றைப் பிரித்து, மெல்லிய அரத்தால் தேய்த்து, இடைவெளி அளந்து, அவர் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ததையே ஷெட்டில் ஒன்றே ஒன்றுக்குச் செய்தார். டைனமோவுக்கு எது பிளஸ், எது மைனஸ் என்று ஒரு வயரைத் தொட்டு எடுத்து மறுபடி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மாமா வீட்டிலிருந்து ஒரு மன்னிப்பு வரவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரத் தட்டும் வரவில்லை. குடும்பத்தில் யாரைக் கேட்டாலும், "ப்ரிட்ஜி கல்யாணத்துல அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்பார்கள். டென்சில் அப்படிப் பண்ணியிருக்கலாமா என்று நான் கேட்டால், "சின்னப் பையன், விடு" என்பார்கள். இருபத்தெட்டு வயதுச் சின்னப் பையன்!

ஆறாவது ஞாயிறு பெரியம்மா கூரையைக் கழற்றினார். இரண்டு கார்புரேட்டரும் ஒரே எழுத்தைச் சொல்லின. பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். சந்திப்பில் கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். ஐந்து வாரம் கழித்து வண்டியைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேள்வி மாறவில்லை.

"யார்து காடி, மேடம்?"

பெரியம்மா வாயைத் திறந்தார். பழைய பதில் உதட்டுவரை வந்தது, பார்த்தேன். கன்னடத்தில் 'நம்து'வுக்கும் 'நந்து'வுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். முதலாவது நம்முடையது. இரண்டாவது என்னுடையது.

"நந்து," என்றார்.

கான்ஸ்டபிள் தலையாட்டிக் கையை விலக்கினார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. பெரியம்மா கியரைப் போட்டார். கிருஷ்ணராஜபுரம் தாண்டி நான்காவதுக்கு மாற்றியபோது அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.